முந்தைய காற்று

முதல் மிட்டாய் பாதி கரைவதற்குள் தங்கமணி அக்கா இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டாள், இவ்வளவு வேகம் நல்லதா கெட்டதா என்று வடிவுக்குப் பிடிபடவில்லை, நல்லதாகத்தான் இருக்க வேண்டும், கால் தடுக்காதவர்கள்தானே வேகமாக நடப்பார்கள், ஆனால் முன்னால் பள்ளம் இருப்பதைப் பார்க்காதவர்களும் அப்படித்தான் நடப்பார்கள் என்று நினைத்ததும் நாக்கு தானாகவே மிட்டாயை வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்குத் தள்ளியது. ஆரஞ்சுச் சுளை மாதிரி வளைந்த, மேலே சர்க்கரை தூவிய மிட்டாய். பீளமேட்டில் இந்த மூன்றாவது மாடி அலுவலகத்தில் இதற்கு மௌன விரதம் என்று பெயர். ஒரு கருவிக்கு யாராவது விளக்கக் குறிப்பு எழுதினால், அது வெளியே போவதற்கு முன், அந்தக் கருவியைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். அவர் முன்னால் கருவி, கணினி, அச்சடித்த தாள்கள். தாளில் இருப்பதை மட்டும் செய்து அவர் கருவியைப் பேச வைக்க வேண்டும். எழுதியவர் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. மூன்று மிட்டாய்தான் நேரம். எழுதியவர் ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், கடிக்கக் கூடாது, மூன்றாவது கரைந்தால் சோதனை முடிந்தது. படிப்பவர் எழுதியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டாலும் தாள் தோற்றது. இந்த முறையைக் கொண்டுவந்த ஆறுச்சாமி சார், இந்தக் கம்பெனிக்கு முதலாளி, "கருவி வாங்குனவங்க வீட்டுக்கெல்லாம் நீங்களும் கூடவே போயி உக்காந்துக்குவீங்களா? தாள்தானுங்க போகும். அப்பத் தாளே பேசட்டும்" என்பார். வடிவின் தாள் தோற்றால் திங்கட்கிழமை அவள் மறுபடி, வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கிற ஃபோன் நாற்காலிக்குப் போக வேண்டும். ஜெயித்தால் இனி அவளுக்கு எழுத்து வேலை மட்டும். இதை ஆறுச்சாமி சார் கோபமாகச் சொல்லவில்லை, தயிர்சாதத்துக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்டே சொன்னார், அதனாலேயே அது அசைக்க முடியாததாக இருந்தது.

மேசைமேல் அவளுடைய கருவி நின்றது. அவளுடையது என்று சொல்லக் கூடாது, ஆனாலும் ஒன்றரை மாதம் பார்த்துக்கொண்டே இருந்தால் எதுவும் நம்முடையதாகிவிடுகிறது. ஒரு சாண் உயரக் கம்பி, அதன் உச்சியில் மூன்று சின்னக் கிண்ணங்கள், காற்று பட்டால் கிண்ணங்கள் சுற்றும், எவ்வளவு வேகத்தில் சுற்றுகின்றன என்பதைக் கருவி எண்ணாகச் சொல்லும். முப்பது பாலிடெக்னிக்குகளுக்குப் போகப்போகிறது, தமிழில் படிக்கிற பிள்ளைகள், அதனால் குறிப்பும் தமிழில். வெளியே ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாயிலிருந்து நேராக வந்து ஜன்னல் கதவுகளை உலுக்கிக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்திவைத்திருந்தார்கள், உள்ளே ஒரு மேசை விசிறி போடும் காற்று மட்டும்தான் காற்று. கருவிக்கும் கணினிக்கும் நடுவில் இருக்கிற டிரைவரைப் பற்றித்தான் அந்தப் பதினொரு பக்கமும். அம்மா கோவில்பட்டியில் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள், மகள் கோயம்புத்தூரில் டிரைவர் வேலை பார்க்கிறாள் என்று. கீழவீட்டுக்காரி லாரியா பஸ்ஸா என்று கேட்டாளாம். அன்றைக்கு ராத்திரியே ஃபோன் வந்தது. "ஏட்டி, அது என்ன டிரைவரு, எனக்கு வெளங்குற மாதிரிச் சொல்லு." ஒரு பக்கம் புரோகிராம்மா, இன்னொரு பக்கம் மெஷின், இது பேசுறது அதுக்குப் புரியாது, அது பேசுறது இதுக்குப் புரியாது, நடுவுல நின்னு ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடுக்கிறதுதான் டிரைவர். அம்மா சட்டென்று பிடித்துக்கொண்டாள். "அப்பக் கல்யாணத் தரகர்னு சொல்லு. இதுக்குப் போயி டிரைவருங்காகளே, படிச்சவங்க." அம்மா சொன்னதுதான் சரி, பதினொரு பக்கத்தில் எங்கேயும் இவ்வளவு தெளிவாக வரவில்லை. வடிவு முதல் பத்தியில் தரகர் என்று எழுதிப் பார்த்துவிட்டு வெட்கமாக இருந்ததால் அடித்துவிட்டாள், அடித்த பிறகு இரண்டு நாள் அந்த வார்த்தை போன இடத்தில் பல் விழுந்த ஓட்டை போல இருந்தது.

"காற்று0-னு ஒரு கோப்பு இருக்குதாம்" என்று தங்கமணி அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், அவளுக்கு வாய்க்குள் படிக்கத் தெரியாது, ஒவ்வொரு வரியையும் பக்கத்து வீட்டுச் சங்கதி போலச் சொல்லிச் சொல்லித்தான் படிப்பாள். கீழ்த்தளத்தில் பின்னல் மெஷின்களுக்குப் புரோகிராம் எழுதுகிற பிரிவு, பதினைந்து வருஷமாக அங்கேயே இருக்கிறாள், மேலே வருவது பிறந்தநாள் கேக் வெட்டினால்தான். "ஏன் பூஜ்யம்? ஒண்ணுன்னு வெச்சா ஆகாதா? ஓ, அடுத்ததுலயே சொல்லியிருக்கா. கணினி பூஜ்யத்திலிருந்து எண்ணும். அது செரி." அது செரி என்றாள். வடிவின் முதுகில் மெல்ல ஒரு சூடு ஏறியது, குளித்துவிட்டு வெயிலில் நின்றால் ஏறுமே அந்த மாதிரி. அந்த இடத்தில் கேள்வி வரும் என்று அவள் போன மாதம் ஒரு பேருந்தில் நின்றுகொண்டே நினைத்தாள், சிங்காநல்லூர் தாண்டும்போது, யாரோ ஒருவர் பூஜ்யத்தைப் பார்த்து நிற்பார், அவருக்கு ஒரு வரி வேண்டும் என்று நினைத்தாள், அந்த யாரோ ஒருவருக்கு அப்போது முகமில்லை, இப்போது தங்கமணி அக்காவின் பின்கழுத்து இருக்கிறது, கொண்டைக்குக் கீழே ஒரு மச்சம், செவந்திப் பூவில் ஒரு இதழ் கழன்று ரவிக்கைமேல் கிடக்கிறது. தான் எழுதியதை ஒரு மனுஷி படிப்பதை வடிவு இதற்கு முன் நேரில் பார்த்ததில்லை. பரீட்சைத் தாளை வாத்தியார்கள் எங்கோ கொண்டுபோய்ப் படித்தார்கள். மின்னஞ்சலை யாரோ எங்கோ. இப்போது ஒரு விரல் அவள் வரிகளுக்கு அடியில் ஊர்ந்து போகிறது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்புகிறது. பச்சை விளக்கு எரியும் என்று எழுதுவதா, பச்சை விளக்கு எரிய வேண்டும் என்று எழுதுவதா என்று அவள் இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள். எரியும் என்றால் அது வாக்கு, எரியாமல் போனால் படிப்பவர் தன்மேல் தப்பென்று நினைத்துக்கொள்வார். எரிய வேண்டும் என்றால் எரியாமலும் போகலாம் என்று அதற்குள்ளேயே ஒரு ஆறுதல் இருக்கிறது. எரிய வேண்டும் என்றே வைத்தாள். விரல் அந்த வரியை அரை நொடியில் தாண்டிப் போனது, அக்கா நிமிர்ந்து பச்சை விளக்கைப் பார்த்தாள், "எரியுது" என்றாள், அவ்வளவுதான், இரண்டு நாள் அரை நொடியில் போயிற்று, ஆனால் தடுக்காமல் போயிற்று, தடுக்காமல் போவதற்குத்தான் அந்த இரண்டு நாள், என்று நினைத்தபோது வடிவுக்குத் திடீரென்று எழுந்து ஒரு குதி குதிக்க வேண்டும் போல இருந்தது. குதிக்கலாமா என்று விதியில் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

திரையில் 'அனுமதி இல்லை' என்று வந்தது. வரட்டும், வரும் என்று அவளுக்குத் தெரியும், டிரைவர் முதல் தடவை யாரையும் உள்ளே விடாது, ஒரு சின்னக் கட்டளை தட்டினால் விட்டுவிடும், அது நான்காம் பக்கத்தின் தலையில் இருக்கிறது, அக்கா தாளைத் திருப்ப வேண்டும், திருப்பு, திருப்புக்கா, வடிவின் கட்டைவிரல் காற்றில் ஒரு தாளைத் திருப்பியது. அக்கா திருப்பினாள். "அனுமதி இல்லை என்று வந்தால் பயப்படாதீர்கள், எல்லாருக்கும் அப்படித்தான் வரும்." படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். "பயப்படாதீங்கங்குது பாருங்க! எத்தன புத்தகம் படிச்சிருக்கறன், ஒண்ணாச்சும் எங்கிட்ட இப்படிச் சொல்லியிருக்குதா? எல்லாம் வெரப்பா நின்னுட்டு, செய், செய்யாதேங்கும்." அந்த வரியை எடுத்துவிடச் சொல்லியிருந்தான் ஜெபராஜ். டிரைவரை எழுதியவன் அவன்தான், ஆறு வருஷத்துக்கு முன்னால், மார்த்தாண்டத்துக்காரன், கோடு, அதாவது புரோகிராம் வரிகள், எழுதுவான், அதற்குள் ஒரு குறிப்பு எழுத மாட்டான், "கோடைப் பாத்தா தெரியாதா மக்ளே" என்பான், பார்த்தால் தெரியாது. ஒன்றரை மாதம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் என்ன செய்கிறான், கருவி என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் வடிவு எழுதினாள். பார்ப்பது அவளுக்குக் கை வந்த கலை. பேசாதவர்களுக்கு வேறென்ன வேலை. பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும்போது அவள் உள்ளேன் அம்மா என்று சொன்னது டீச்சர் காதுக்கு எட்டாமல் ஒரு வாரம் முழுக்க, முதல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே, வராதவளாக இருந்திருக்கிறாள். ஏழாவது நாள் அப்பாவைக் கூட்டிவரச் சொல்லிச் சீட்டு வந்தபோதுதான் தெரிந்தது. கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் விடை தெரியும், தொண்டையில் நிற்கிறது, வெளியே வரவில்லை, எழுந்து போய்க் கரும்பலகையில் எழுதினாள், தேர்வு எடுக்க வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசிவரை படித்துவிட்டு முழு மதிப்பெண் கொடுத்தார், ஆனால் இது வாய்மொழித் தேர்வு அம்மா என்றும் சொன்னார்.

ஃபோன் நாற்காலியில் கரும்பலகை கிடையாது. கருவி வாங்கியவர்கள் கூப்பிடுவார்கள், "ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" இருக்கிறாள், பதிலை மனசுக்குள் சரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறாள், முதல் வார்த்தையை எடுப்பதற்குள் லைன் செத்துப்போச்சு என்று வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுவார்கள். அந்த மாதக் கணக்கெடுப்பில் எல்லாரையும்விட அதிக அழைப்பு எடுத்தவள் வடிவு என்று வந்து, ஒரு டம்ளர் செட் பரிசு கொடுத்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது, சிரிப்பும் வருகிறது, முன்பு சூடு மட்டும்தான் வரும். பேச முடியாததை அவள் மின்னஞ்சலில் எழுதி அனுப்பினாள், முதலில் இதைச் செய்யுங்கள், இப்படி வந்தால் சரி, அப்படி வந்தால் அதைப் பாருங்கள் என்று. எழுதி அனுப்பிய ஆட்கள் மறுபடி கூப்பிடவே இல்லை. அதைத்தான் ஆறுச்சாமி சார் எப்படியோ கவனித்திருந்தார். அந்த நாற்காலியின் இடது கைப்பிடியில் ரெக்ஸின் கிழிந்து பஞ்சு வெளியே நிற்கும், ஃபோன் அடிக்கும்போதெல்லாம் அவள் அந்தப் பஞ்சைத்தான் பிய்த்துக்கொண்டிருப்பாள், இப்போது அங்கே பஞ்சே மிஞ்சியிருக்காது, திங்கட்கிழமை போனால் பிய்க்க என்ன இருக்கும் என்று யோசனை ஓடியது, ஏன் திங்கட்கிழமையைப் பற்றி நினைக்கிறேன், அக்கா ஏழாம் பக்கத்தில் இருக்கிறாள், எல்லாம் நன்றாகத்தானே போகிறது, நன்றாகப் போகும்போதுதான் இப்படி யோசனை ஓடும், மாடிப்படி முடிந்த பிறகும் இன்னொரு படி இருப்பதாகக் கால் தேடுமே, அந்த மாதிரி. எழுத்து வேலைக்கு ஒரு மேசை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜன்னலோரம். அதன்மேல் எதை வைப்பது என்றுகூட அவள் யோசித்துவிட்டாள், ஒன்றும் வைக்க வேண்டாம், காலியாகவே இருக்கட்டும் என்று முடிவும் செய்துவிட்டாள்.

மூன்றாவது மிட்டாய். அக்கா புரோகிராமைத் தட்டி முடித்திருந்தாள், நாலே வரி, திற, படி, எண்ணைக் காட்டு, மூடு. காற்றைத் திறக்கலாம், காற்றைப் படிக்கலாம், காற்றை மூடலாம் என்று தோன்றிய அன்றைக்கு வடிவு மத்தியானம் சாப்பிடவே மறந்துபோனாள், கணினிக்குக் காற்றும் ஒரு கோப்புதான், யாரோ எழுதிக்கொண்டே இருக்கிற, ஒருபோதும் முடியாத கோப்பு. ஆறாவது படி, விசிறி இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பூஜ்யம் வர வேண்டும். அக்கா என்டரைத் தட்டினாள். 0.0. "வந்துருச்சு." ஏழாவது படி, விசிறியைப் போடுங்கள், கிண்ணங்கள் சுற்றத் தொடங்கியதும் மறுபடி ஓட்டுங்கள், மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஓர் எண் வர வேண்டும். இதுதான் கடைசி. இது வந்துவிட்டால் முடிந்தது. அக்கா விசிறிப் பொத்தானை அமுக்கினாள், கிண்ணங்கள் தயங்கின, அசைந்தன, பிறகு மூன்றும் ஒரே வெள்ளை வட்டமாகச் சுற்றின, எத்தனை தடவை பார்த்தாலும் வடிவுக்கு அந்த நொடி பிடிக்கும், மூன்று ஒன்றாகிற நொடி. அக்கா என்டரைத் தட்டினாள். பின்னால் ஸ்டூலில், வடிவின் வலது கை நடுவிரல் அவள் முழங்காலில் தட்டியது. ஒரு தடவை இல்லை. இரண்டு தடவை. டக் டக். அவள் தன் விரலைப் பார்த்தாள். திரையைப் பார்ப்பதற்கு முன்பே, அந்த விரலைப் பார்த்த அந்த இடத்திலேயே, அவளுக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்தாள். திரையில் 0.0.

இரண்டு தட்டு. எப்போதும் இரண்டு தட்டு. முதல் நாள் ஜெபராஜ் காட்டித் தந்தபோதே அவன் விரல் டக் டக் என்றுதான் போனது, அவனிடம் கற்றவர்களும் அப்படித்தானாம், இந்த மாடியில் எல்லாரும் அப்படித்தான், கதவைத் தட்டினால் இரண்டு தட்டுத் தட்டுவதைப் போல, ஏன் என்று யாராவது கேட்டார்களா, அவளாவது கேட்டாளா, ஒன்றரை மாதம் கண்ணைக் கொட்டாமல் பார்த்தவள் தன் கையை மட்டும் பார்க்கவில்லை. பதினொரு பக்கம் எழுதினாளே, பச்சை விளக்குக்கு இரண்டு நாள் கொடுத்தாளே, இந்த இரண்டாவது தட்டுக்கு ஒரு வரி இல்லை. சொல்லிவிடலாமே, இன்னொரு தடவை தட்டுங்கக்கா, நாலு வார்த்தைகூட இல்லை, மூன்றே வார்த்தை, அவள் வாழ்க்கையில் எந்த மூன்று வார்த்தையும் இவ்வளவு தயாராகத் தொண்டையில் வந்து நின்றதில்லை, எங்கே போயிருந்தீர்கள் எல்லாரும், பள்ளிக்கூடத்தில், வாய்மொழித் தேர்வில், ஃபோனில், தேடித் தேடிக் கிடைக்காமல் இப்போது, பேசக் கூடாது என்ற இந்த ஒரே ஒரு மணி நேரத்தில், முண்டியடித்துக்கொண்டு வருகிறீர்களே. மிட்டாயைப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கினாள். சப்பக் கூடாது. சப்பாவிட்டால் கரையாது, கரையாவிட்டால் நேரம் முடியாது. எச்சில் ஊறியது, விழுங்கினால் அதோடு கொஞ்சம் போகும், விழுங்காமல் உட்கார்ந்தாள், கண்ணில் நீர் கோத்தது. அக்கா தாளை எடுத்து ஏழாவது படியை மறுபடி படித்தாள். திரும்பி வடிவைப் பார்க்கப் போனவள், பாதிக் கழுத்தில் நிறுத்திக்கொண்டாள். அவளுக்கும் விதி தெரியும். கேட்டால் இந்தப் பெண் போச்சு. மெதுவாகக் கழுத்தைத் திருப்பி விசிறியைப் பார்த்தாள். "ஏனுங் விசிறி," என்றாள், "நீங்க சுத்தறீங்களா இல்லீங்களா?"

விசிறியிடம் கேட்டால் எழுதியவரிடம் கேட்டதாகாது. பக்கத்து மேசையில் யாரோ களுக்கென்றார்கள். "சுத்தறீங்கல்ல? பொறவு ஏனுங் இவுங்க பூஜ்யங்கறாங்க? ஒயரு கழண்டுருச்சுங்களா?" ஒயரைத் தொடும் முன் விசிறியை நிறுத்துங்கள் என்று வடிவு மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தாள், அக்கா அதற்கும் கீழ்ப்படிந்து விசிறியை நிறுத்தினாள், ஒயரை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள், எல்லாம் இறுக்கமாக இருந்தது. கிண்ணங்கள் வேகம் குறைந்து, தனித்தனி மூன்றாகி, நின்றன. சரி, ஒருமுறை பார்க்கலாம் என்று அக்கா என்டரைத் தட்டினாள். 4.1. "அட சாமி!" அக்கா திரையைப் பார்த்தாள், அசையாத கிண்ணங்களைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். "சுத்தறப்ப இல்லைங்குது, நின்னதுக்கப்புறம் நாலுங்குது. பேய்க் காத்தா?" மறுபடி தட்டினாள். 0.0. வடிவின் தலைக்குள் ஏதோ ஒன்று மெல்லத் திரும்பி உட்கார்ந்தது. நின்ற காற்றுக்கு நாலு. நாலு எங்கிருந்து வந்தது, இப்போது தட்டியதிலிருந்து இல்லை, சற்று முன் விசிறி ஓடியபோது தட்டியதிலிருந்து, அப்போது கருவி பார்த்தது, பார்த்ததைச் சொல்லவில்லை, வைத்துக்கொண்டது, வைத்துக்கொண்டு அதற்கும் முந்தியதைச் சொன்னது. அப்படியானால் இரண்டாவது தட்டு. அப்படியானால் ஒவ்வொரு முறையும். அவள் பயந்துகொண்டிருந்ததே மறந்துவிட்டது. திங்கட்கிழமை எங்கோ போய்விட்டது. ஜன்னலோர மேசையும் போய்விட்டது. அந்தக் குட்டிக் கருவி மட்டும் இருந்தது, இத்தனை நாள் கூட இருந்தும் சொல்லாத ஒன்றை இப்போது, ஓர் அந்நிய மனுஷியின் ஒற்றைத் தட்டுக்குச் சொல்லிவிட்ட கருவி. அக்காவுக்கும் அது பிடிபட்டுக்கொண்டிருந்தது என்பது அந்தப் பின்கழுத்திலேயே தெரிந்தது, கழுத்து முன்னால் நீண்டது. விசிறியைப் போட்டாள். கிண்ணங்கள் சுற்றின. ஒரு தட்டு, 0.0. "இரு, இரு." இன்னொரு தட்டு, 4.1. இன்னொரு தட்டு, 4.2. விசிறியை நிறுத்தினாள், கிண்ணங்கள் ஓயும்வரை பொறுத்தாள், ஒரு தட்டு, 4.2. "ஓஹோஹோ." இரண்டு உள்ளங்கையையும் மேசைமேல் வைத்துக் கருவியை நேருக்கு நேர் பார்த்தாள். "கேக்கறப்பப் பாக்கறது, பாத்தத அடுத்த தடவ கேக்கறப்பச் சொல்றது. அப்படித்தான? எங்கூட்டுக்காரரேதான்! காலைல இட்லியா தோசையான்னு கேட்டா, சாயந்தரம் காப்பி வேணுமான்னு கேக்கறப்ப இட்லிம்பாரு!" வடிவு சிரித்துவிட்டாள். சத்தமில்லாத சிரிப்புதான், ஆனால் முழுச் சிரிப்பு, தோள் குலுங்கிவிட்டது, கன்னத்தில் பத்திரமாக ஒதுக்கிவைத்திருந்த மிட்டாய் வழுக்கித் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. மார்பைத் தட்டிக்கொண்டாள். போயே போயிற்று. நேரம் முடிந்தது.

ஆறுச்சாமி சார் தன் அறையிலிருந்து வந்து இரண்டு பேரையும் பார்த்தார், ஒருத்தி மேசையில் சாய்ந்து சிரிக்கிறாள், ஒருத்தி கண்ணில் நீரோடு மார்பைத் தட்டிக்கொள்கிறாள். "ஆச்சுங்களா? தங்கமணி, எண்ணு வந்துதா?" "வந்துதுங்க." "இந்தப் புள்ளகிட்ட ஏதாச்சும் கேட்டீங்களா?" "இல்லீங்க. விசிறியத்தானுங்க கேட்டேன்." "அப்ப ஜெயிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பப் போனார், அவ்வளவு சுலபமாக, அடுத்த அடி எடுத்து வைத்தால் அறைக்குள் போய்விடுவார், ஜன்னலோர மேசை அவளுடையது, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதானே அவளுக்கு நன்றாக வரும். ஆனால் அவள் கண்ணுக்கு முப்பது பாலிடெக்னிக்குகள் தெரிந்தன, முப்பது மேசை, முப்பது விசிறி, ஏழாவது படியில் முப்பது பூஜ்யம், தங்கமணி அக்கா மாதிரிப் பேய்க் காற்றைத் துரத்திப் பிடிக்காமல், தான்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று நகத்தைக் கடிக்கிற, வருகைப் பதிவில் குரல் எட்டாத யாரோ ஒரு பிள்ளை. "இல்ல சார்" என்றாள். இரண்டே வார்த்தை, ஆனால் அறைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. "ஏழாவது படியில ஒரு வரி இல்ல. நான் எழுதல. அக்காவாக் கண்டுபிடிச்சாங்க. முதல் எண் பழைய காத்தோடது சார், அத விட்டுட்டு ரெண்டாவது எண்ணத்தான் எடுக்கணும். தாள் தோத்துருச்சு." அவர் வந்து நின்றார். அக்கா செய்து காட்டினாள், விசிறியோடு, விசிறி இல்லாமல். மேசைகளிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஜெபராஜ் டீ டம்ளரோடு வந்தான். "இது என்ன புதுசாட்டு? எல்லாரும் ரெண்டு தட்டுத்தானே மக்ளே தட்டுவோம்." ஆறுச்சாமி சார் அவன் பக்கம் திரும்பினார். "ஏனுங்க ரெண்டு?" "அது..." ஜெபராஜ் டம்ளரைப் பார்த்தான். "கருவி தூங்கிக் கெடக்கும் சார், மொத தட்டுல முழிக்கும்னு நினைச்சேன்." "ஆறு வருசமா?" "யாரும் கேக்கல சார்." யாரும் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார்கள், முடியவில்லை, அவனே முதலில் சிரித்தான். ஆறுச்சாமி சார் தாளை எடுத்து, ஏழாவது படிக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார். "தோத்தாச்சுங்க வடிவு. அந்த வரியச் சேருங்க. திங்கக்கிழமை வேறொரு ஆள உக்கார வெச்சுத் திரும்பப் பாக்கலாம்." திங்கட்கிழமை என்ற சொல் வந்து அவள்மேல் உட்கார்ந்தது. அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "ஃபோனுக்கு வேற ஆள் பாத்துக்கறேன். தோத்தத ஓடி வந்து சொல்ற ஆள எழுத்துக்கு வெச்சுக்கோணும். தோத்ததுக்கு எதுக்குங்க இப்படிச் சிரிக்கறீங்க?" சிரித்துக்கொண்டா இருக்கிறேன் என்று வடிவு தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"வா அம்மணி, கீழ வா" என்று தங்கமணி அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள், "அந்த ஒரு வரியச் சாப்பிட்டுட்டு எழுதிக்கலாம். எங்க பின்னல் மெஷினுக்கு எழுதித் தர்றேன்னு பதினஞ்சு வருசமா ஒருத்தரும் வந்ததில்ல, நானா நேந்துவிட்டவளாட்டத் தலையில எல்லாத்தையும் வெச்சுட்டுத் திரியறன்." கீழ்த்தளத்தில் எண்ணெய் வாசமும் நூல் வாசமும் கலந்திருந்தன, யாரோ ஜன்னலைச் சாத்தாமல் விட்டிருக்க ஆடிக் காற்று தரையில் கிடந்த நூல் துணுக்குகளை ஓரம் ஓரமாகக் கூட்டி விளையாடிக்கொண்டிருந்தது. ஆள் உயர மெஷின். அக்கா கணினியில் ஏதோ தட்டினாள், மெஷின் முனகியது, அக்கா இடது கையால் அதன் விலாவில் பளாரென்று ஓர் அறை விட்டுவிட்டு ஓட்டும் பொத்தானை நோக்கி விரலை நீட்டினாள். "அது எதுக்குக்கா?" என்றாள் வடிவு. "எது?" "இப்ப ஒண்ணு வெச்சீங்கல்ல." அக்கா தன் இடது கையைப் பார்த்தாள், அது தன்னுடையதுதானா என்பது போல. "அது... வெக்கோணும். எல்லாரும் வெப்பாங்க." "யாரு முதல்ல வெச்சது? எப்பருந்து? இந்தப் பக்கம் மட்டுந்தானா? காலைல மட்டுமா, எப்ப ஓட்டினாலுமா? அந்த மெஷினுக்கும் உண்டா? நூல் மாத்தினா வேற மாதிரி வெக்கணுமா?" கேள்விகள் ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்று வந்தன, அடுத்தது வருமா என்று அவள் காத்திருக்கவும் இல்லை, வந்ததைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை, கையில் ஒரு பென்சில் எப்போது வந்தது என்றும் தெரியவில்லை. தங்கமணி அக்கா மெஷினில் அறைந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். "அத நிறுத்திட்டு, அடிக்காம ஒருதடவ ஓட்டிப் பாப்பமாக்கா?" அக்கா மெஷினை நிறுத்தினாள். கணினியில் மறுபடி தட்டினாள். மெஷின் முனகியது. அக்காவின் இடது கை தானாக எழுந்தது, வடிவு எட்டி அதைப் பிடித்துக்கொண்டாள், வலது கையால் அக்கா பொத்தானை அமுக்கினாள், கையைக் கோத்துக்கொண்ட இரண்டு பேரும் ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்று, என்ன ஆகப்போகிறது என்று பார்த்தார்கள்.